வெளிவராப் பொருளும் உலவும் சொல்லும்

நடந்ததைப் பற்றிய கூற்று மெய்யாகவோ பொய்யாகவோ இருத்தல் வேண்டும். நேற்று மழை பெய்தது என்று ஒருவன் கூறினால், அக்கூற்றைச் சோதித்துத் துணிவதற்கு வழி உண்டு. நாளை நிகழப்போவதைப் பற்றிய கூற்றின் நிலை வேறு. கிரேக்க மெய்யியலாளராகிய அரிஸ்டோட்டில், நாளை ஒரு கடற்போர் நிகழும் என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். அவ்வாக்கியம் இன்றே மெய்யெனின், போரைத் தவிர்க்க எவராலும் இயலாது. இன்றே பொய்யெனின், போரைத் தொடங்க எவராலும் இயலாது. ஆயின், போரிடுவதா விடுவதா என்று ஆலோசிப்போர் மனிதர். அவ்வாலோசனைக்குப் பயன் உண்டு. எனவே, இன்னும் தீர்மானிக்கப்படாத ஒன்றைப் பற்றிய கூற்றினை மெய்யென்றோ பொய்யென்றோ இன்றே துணிய முடியாது என்பது அவர் கருத்தெனப் பலராலும் கொள்ளப்படுகின்றது.

அளவையியல் மாணவரின் பாடநூலுக்குள் அடங்கிக் கிடந்த இச்சிக்கல், கணினி யுகத்திலே கோடிக்கணக்கான மக்களின் அன்றாட வாழ்விற்குள் வந்து சேர்ந்துள்ளது. கணினியினதும் கைத்தொலைபேசியினதும் உறுப்புக்களை எல்லாம் ஒருங்கிணைத்து இயக்கும் மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், அப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ், கூகிள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் என்பன இவற்றுட் பெருவழக்கானவை. இம்முறைமைகள் காலத்துக்குக் காலம் இற்றைப்படுத்தப்படுகின்றன. ஒவ்வோர் இற்றைப்படுத்தலுக்கும் முன்னதாக, இன்ன வசதி வரப்போகின்றது, இன்ன வசதி நீக்கப்படப்போகின்றது என்னும் செய்திகள் உலகெங்கும் உலவுகின்றன. செய்தியை முதலில் உரைத்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. உரைக்கப்பட்ட பொருளோ இன்னும் மக்கள் கைக்கு வந்ததில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் உளர். ஆயினும் இச்சொற்களைக் கேட்டே பலர் தம் செயல்களைத் தீர்மானிக்கின்றனர். கையிலுள்ள கருவியை விற்பதா வைத்திருப்பதா, இவ்வாண்டு புதியதை வாங்குவதா அடுத்த ஆண்டுவரை பொறுப்பதா, தொடங்கிய மென்பொருளை எழுதி முடிப்பதா கைவிடுவதா என்பன சிறிய தீர்மானங்கள் அல்ல. பொருள் வளம் குறைந்தவனுக்கு அவை ஓராண்டுச் சேமிப்பைப் பற்றிய தீர்மானங்கள் ஆகலாம். ஆகவே, இன்னும் வெளிவராத ஒன்றைப் பற்றிப் பேசுவோனின் கடமை யாது என்னும் வினா அறவியல் சார்ந்த வினாவே ஆகும். அவன் பொய் கூறாதிருந்தாற் போதும் என்பதே இவ்வினாவுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை. அவ்விடை எத்துணைப் போதாதது என்பது மேல்வரும் செய்திகளை நோக்கின் புலனாகும்.

வதந்தியை ஓர் அளவையாகவே எடுத்துப் பேசிய மரபு தமிழில் உண்டு. மணிமேகலையின் 27 ஆம் காதையாகிய சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில், அளவைவாதி பத்து அளவைகளை விளக்குகின்றான். அவற்றுள் ஒன்று ஐதிகம். ஒரு மரத்திலே பேய் இருப்பதாக உலகோர் வழிவழியாகச் சொல்லிவரும் சொல்லைக் கொண்டு, அங்குப் பேய் உண்டெனத் தெளிவது அதற்கு உதாரணமாகக் காட்டப்படுகின்றது. இன்னார் கண்டார், இன்னார் உரைத்தார் என்பதற்கு அங்கு இடமில்லை; ஊர் சொல்கின்றது என்பதே அதன் வலிமை.

நியாய நூலார் இதனைத் தனியோர் அளவையாகக் கொள்ளாது உரையளவையினுள் அடக்கினர். அவர்கள் கருத்துப்படி, உரை அளவையாதற்கு உரைப்பவன் ஆப்தனாய் இருத்தல் வேண்டும். பொருளை உள்ளவாறு அறிந்திருத்தலும், அறிந்தவாறே பிறருக்கு அறிவிக்கும் விருப்பமும் ஒருங்கே உடையவனே ஆப்தன். இவ்விரு தகுதிகளையும் கொண்டு நோக்கின், வெளிவராத வசதிகளைப் பற்றிய வதந்தியின் விசித்திர நிலை தெளிவாகும். நிறுவனத்தினுள் இருப்பவன் அறிவான். ஆயின் உரைக்க விரும்பான், உரைப்பினும் தனக்கு ஆதாயமான அளவே உரைப்பான். வெளியே இருப்பவன் உரைக்க விரும்புவான், ஆயின் அறியான். இரு தகுதிகளும் இருவேறு இடங்களிற் பிரிந்து கிடக்கின்றன. அன்றியும், மரத்திற் பேய் உண்டா என்பதை அறிய விரும்புபவன் துணிவிருந்தால் ஓர் இரவு அம்மரத்தடியில் தங்கியிருந்து பார்க்கலாம். வெளிவராத வசதியைச் சோதிக்கக் கேட்பவனுக்கு அந்த வழியும் இல்லை.

வதந்தி வலுப்பெறும் விதத்தைக் கோர்டன் ஒல்போட், லியோ போஸ்ற்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1947 இல் வெளியிட்ட 'வதந்தியின் உளவியல்' என்னும் நூலில் ஆராய்ந்தனர். செய்தி கேட்போர்க்கு எவ்வளவு முக்கியமானது என்பதும், அதைப் பற்றிய சான்று எவ்வளவு தெளிவற்றது என்பதும் ஒன்றையொன்று பெருக்கும் அளவில் வதந்தி பரவும் என்பது அவர்களது முடிபு. இங்கு நிகழ்வது கூட்டலன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று இல்லையாயின் வதந்தியும் இல்லை. இதனைப் பணிசெயல் முறைமைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கடிதம், வங்கிக் கணக்கு, படிப்பு, தொழில் ஆகிய யாவும் ஒரு கருவியிலே தங்கிவிட்ட காலத்தில், அக்கருவி நாளை எவ்வாறு மாறும் என்பது முக்கியமாகாதிருக்க முடியாது. தெளிவின்மையோ நிறுவனம் காக்கும் மறைவினால் விளைவது. வதந்தியைப் பெருக்கும் இரு காரணிகளுள் ஒன்றை நிறுவனமே தன் கையில் வைத்திருக்கின்றது. ஆதலின், பழி முழுவதையும் வதந்தியைச் சொல்வோர் மீது சுமத்துவது நியாயமாகாது.

எனினும் மறைவு எல்லாமே குற்றம் எனக் கொள்வதும் தவறு. கண் திறக்கப்படாத சிலையைச் சிற்பி திரையிட்டு வைப்பதை எவரும் வஞ்சகம் என்பதில்லை. முடியாத வேலை திருத்தத்துக்கு உரியது. அதிற் பல கைவிடப்படும். செய்து பார்த்தவை, பிழைத்தவை, விடுத்தவை அனைத்தும் உடனுக்குடன் வெளிவருமாயின், கைவிடப்பட்ட ஒவ்வொன்றும் மீறப்பட்ட வாக்குறுதியாகத் தோன்றும். செய்வோர் சோதனைக்கே அஞ்சுவர். ஆகவே முடியாத வேலையை மறைக்கும் உரிமை நிறுவனத்துக்கும் உண்டு, அங்கு உழைப்போருக்கும் உண்டு.

இவ்வுரிமையை ஒப்புக்கொண்ட பின்னர், உலவும் சொற்களை வகைப்படுத்தி நோக்குதல் வேண்டும். முதல் வகை முழுப் பொய். 2013 இல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது, அதனை ஏற்றிக்கொண்ட ஐபோன் நீரில் வீழ்ந்தாலும் பழுதடையாது எனக் கூறும் போலி விளம்பரம் ஒன்று, அப்பிளின் விளம்பர முறையை அப்படியே பின்பற்றித் தயாரிக்கப்பட்டு உலவவிடப்பட்டது. மறு ஆண்டு ஐஓஎஸ் 8 வெளிவந்தபோது, தொலைபேசியை மைக்ரோவேவ் அடுப்பினுள் வைத்து மின்னேற்றலாம் என இன்னொரு போலி விளம்பரம் வந்தது. மென்பொருளை மாற்றுவதனால் கருவியின் உடல் நீர் புகாததாக மாறிவிட முடியாது என்பது சற்றுச் சிந்தித்தாற் புலனாகும். ஆயினும் புதிய இற்றைப்படுத்தல் எதையும் செய்யக்கூடும் என்னும் மயக்கம் ஏற்கெனவே மக்களிடம் வளர்ந்திருந்தது. நம்பிக் கருவியைப் பாழாக்கிவிட்டதாகச் சிலர் முறையிட்டனர். பிறனுடைய அறியாமையைத் தன் நகைப்புக்குப் பொருளாக்கும் இச்செயலின் இழிவை நிறுவப் பெரிய அறநூல் வேண்டியதில்லை.

சிக்கல் எழுவது இரண்டாவது வகையில். சொல்லும்போது மெய்யாயிருந்து, பின்னர் பொய்யாய்ப் போகும் சொற்கள் அவை. 2003 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட், லொங்ஹோர்ன் என்னும் குறிப்புப் பெயருடன் தான் அமைத்துவந்த அடுத்த விண்டோஸ் பதிப்பினை மென்பொருள் ஆக்குநருக்கு விளக்கிற்று. கோப்புக்களை அவற்றின் உள்ளடக்கத் தொடர்புகளைக் கொண்டு தேடியெடுக்க உதவும் வின்எப்எஸ் என்னும் புதிய சேமிப்பு முறை அதன் தூண்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. 2004 ஓகஸ்டில் அம்முறை அப்பதிப்பிலிருந்து விலக்கப்பட்டது. விஸ்ரா என்னும் பெயருடன் 2007 சனவரியில் அப்பதிப்பு பொதுமக்களிடம் வந்தபோது வின்எப்எஸ் அதில் இருக்கவில்லை. 2003 இல் அதனைப் பற்றிப் பேசியவர்கள் பொய்யர் அல்லர். அவ்வாறு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போது உண்மையாகவே இருந்தது. ஆனால் அச்சொல்லை நம்பித் தம் வேலையைத் திட்டமிட்டோர் அடைந்த நட்டமும் உண்மையே. பொய் எவரும் கூறாதவிடத்தும் ஏமாற்றம் நேர்கின்றது. பொய் கூறாமை மட்டுமே போதுமான அறமாயின், இந்நட்டத்துக்குப் பொறுப்பாளி எவரும் இல்லை என்றே முடிக்க வேண்டிவரும்.

இவ்விடத்தில் வதந்தி என்பது வெளியாரிடமிருந்து மாத்திரமே பிறப்பதன்று என்பதும் கருதத்தக்கது. விண்டோஸின் முதற் பதிப்பு 1983 நவம்பர் 10 ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு வந்தது 1985 நவம்பர் 20 ஆம் நாள். இடைப்பட்ட இரண்டாண்டுகளும் அது பெயராகவே உலவிற்று. பேசப்பட்டும் வெளிவராத மென்பொருளை, ஆவிக்கு ஒப்பிட்டு எள்ளும் சொல் ஒன்று ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்ததும் அக்காலத்திலேயே ஆகும். காலம் முந்திய அறிவிப்பு சந்தையில் ஒரு படைக்கலம் ஆகலாம். சில மாதங்களில் அதனிலும் சிறந்தது வரும் என்று கேள்விப்பட்டவன், இன்று கடையிலுள்ள போட்டியாளரின் பொருளை வாங்காது பொறுத்திருப்பான். பொருளை விற்காமலே போட்டியாளரின் விற்பனையைத் தடுக்கச் சொல் ஒன்றே போதுமானதாகின்றது.

இவ்வழக்கம் நீதிமன்றத்தின் கவனத்துக்கும் வந்தது. அமெரிக்க நீதித் திணைக்களமும் மைக்ரோசொப்டும் 1994 இல் செய்துகொண்ட உடன்பாட்டினை, 1995 பெப்ரவரியில் நீதிபதி ஸ்ரான்லி ஸ்போர்க்கின் ஏற்க மறுத்தார். ஆயத்தமாகாத பொருள்களை முன்கூட்டி அறிவித்துப் போட்டியை முடக்கும் வழக்கத்தை அவ்வுடன்பாடு கருத்திற்கொள்ளவில்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டு யூன் மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவர் தம் அதிகார எல்லையைக் கடந்துவிட்டார் எனக் கூறி அம்முடிவினை மாற்றிற்று. இதிலிருந்து சட்டத்தின் கைக்கு எட்டாத ஓரிடம் இங்கு உண்டென்பது தெரிகின்றது. வரும் என்று எண்ணியே சொன்னேன் என்பவனின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கச் சட்டத்தால் எளிதில் இயலாது. சட்டம் நின்றுவிடும் அவ்விடத்திலேதான் அறத்தின் வினா தொடங்குகின்றது.

அண்மைக் காலத்திலும் இது நிகழாமலில்லை. பேசுவோனின் சொந்த விவரங்களை அறிந்து அவற்றுக்கேற்ப விடையளிக்கும் புதிய 'சிரி' என்னும் குரல் உதவியை 2024 யூனில் அப்பிள் அறிவித்தது. அவ்வாண்டில் விற்பனைக்கு வந்த ஐபோன் 16 இன் விளம்பரங்களிலும் அவ்வசதி காட்டப்பட்டது. 2025 மார்ச்சில், அது ஆயத்தமாக மேலும் காலம் செல்லும் என நிறுவனம் தெரிவித்தது, விளம்பரமும் விலக்கிக்கொள்ளப்பட்டது, வாங்கியோர் சார்பில் வழக்கும் தொடரப்பட்டது. பெயர் தெரியாத ஒருவன் இதே செய்தியைச் சொல்லியிருந்தால் அதனை வதந்தி என்று உலகம் ஒதுக்கியிருக்கும். நிறுவனத்தின் முத்திரையுடன் வந்தமையால் அது வாக்குறுதியாயிற்று. பொருள் வரவில்லை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. கேட்டவனை இழப்புக்கு உள்ளாக்கும் வலிமையிலோ இரண்டாவதே பெரிது.

காலம் முந்திய சொல் சொன்னவனையே வருத்தும் என்பதற்கு ஆடம் ஒஸ்போர்னின் கதை எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. ரமண மகரிஷியின் அடியவரான ஆதர் ஒஸ்போர்னின் மகனாகிய இவர், திருவண்ணாமலையிலே தம் இளமைப் பருவத்தைக் கழித்தவர். 2003 இல் கொடைக்கானலில் மறைந்தவர். 1981 இல் இவரது நிறுவனம் கையிற் காவிச் செல்லத்தக்க கணினியொன்றை 1,795 டொலருக்கு விற்கத் தொடங்கிப் பெரும் வெற்றி கண்டது. அடுத்து வரவிருந்த சிறந்த கணினியைப் பற்றிய செய்தி முன்கூட்டியே பரவியதால், இருந்ததை வாங்குவோர் குறைந்தனர். 1983 செப்ரெம்பரில் நிறுவனம் முறிந்தது. போட்டியாளரின் வளர்ச்சி முதலிய வேறு காரணங்களும் அம்முறிவுக்கு உண்டென ஆராய்ந்தோர் கூறுவர். எவ்வாறாயினும், இல்லாத பொருளைப் பற்றிய சொல் இருக்கும் பொருளின் மதிப்பை அழிக்க வல்லது என்னும் பாடம் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. இன்றைய நிறுவனங்களின் கடுமையான மறைவுக்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம்.

மறைக்கப்பட்டது எவ்வழியாக வெளியே வந்தது என்பதும் சொல்லின் அறத்தைத் தீர்மானிப்பதில் இடம்பெறும். 2017 யூலையில் அப்பிள், தான் விற்கவிருந்த ஒலிபெருக்கி ஒன்றின் மென்பொருளைத் தவறுதலாக எவரும் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டது. அதனைப் படித்த மென்பொருள் ஆக்குநர் சிலர், வரவிருந்த ஐபோனின் உருவத்தையும், முகத்தைக் கண்டு பூட்டுத் திறக்கும் வசதியின் குறிப்புக்களையும் அதிற் கண்டு வெளியிட்டனர். இங்கு எவரது நம்பிக்கையும் குலைக்கப்படவில்லை. தெருவில் விழுந்து கிடந்த கடிதம் திறந்தே கிடந்தது.

இதற்கு முற்றிலும் மாறானது 2025 யூலையில் அப்பிள் கலிபோர்னியாவில் தொடர்ந்த வழக்கு. ஐஓஎஸ் 19 எனப் பலரும் எதிர்பார்த்திருந்து, யூன் மாதத்தில் ஐஓஎஸ் 26 என்னும் பெயருடன் அறிவிக்கப்பட்ட பதிப்பின் புதிய தோற்றம், அவ்வறிவிப்புக்குச் சில மாதங்களுக்கு முன்னரே காணொளிகளில் வெளிவந்திருந்தது. அப்பிள் ஊழியர் ஒருவரிடம் பரிசோதனைக்கெனக் கொடுக்கப்பட்டிருந்த தொலைபேசியை, அவர் வீட்டில் இல்லாத வேளையில், அவரது நண்பரே திறந்து, காணொளி அழைப்பின் மூலம் வெளியீட்டாளருக்குக் காட்டினார் என்பது நிறுவனத்தின் குற்றச்சாட்டு. சதி எதனையும் தாம் செய்யவில்லை என்றும், செய்தி பெறப்பட்ட விதத்தைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும் வெளியீட்டாளர் மறுத்தார். யார் கூற்று மெய் என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. எனினும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காக்கத் தவறினார் என்று அவ்வூழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

இங்கு வெளியான செய்தி பெரும்பாலும் மெய்யாகவே முடிந்தது. அறிவிக்கப்பட்ட முறைமையின் தோற்றம் காணொளியிற் கண்டதைப் பெரிதும் ஒத்திருந்தது. செய்தியின் மெய்ம்மையே அதனை வெளியிட்டதற்கு நியாயமாகும் என்போர் இவ்விடத்திற் சிந்தித்தல் வேண்டும். திரையின் பொத்தான்கள் கண்ணாடிபோல் ஒளிரப்போகின்றன என்பதைச் சில மாதங்கள் முன்னதாக அறிந்தமையால் உலகுக்கு விளைந்த நன்மை மிகச் சிறிது. குற்றச்சாட்டு மெய்யாயின், அதற்கு விலையாக ஒரு நட்பும் ஒருவரது தொழிலும் கொடுக்கப்பட்டன. விலை கொடுத்தவர் வேறு. பார்வையாளரின் பாராட்டைப் பெற்றவர் வேறு. வெளியீட்டாளர் அறியாதிருந்தார் எனினும், இது எங்கிருந்து வந்தது, இதனால் யார் தண்டிக்கப்படுவார் என்று கேட்கும் கடமை அவருக்கு இல்லாமற் போய்விடுமா? அறியாமை சில வேளைகளிற் குற்றத்திலிருந்து விடுவிக்கும். கேட்டிருந்தால் அறிந்திருக்கலாம் என்னும்போது அவ்விடுதலை குறைந்துபோகும்.

இவ்வாறு கூறுவதால், வெளிவராதவற்றைப் பற்றிப் பேசுதல் எல்லாம் தவறு எனக் கொள்ளலாகாது. 2021 ஓகஸ்டில், சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகப் படங்களைக் கண்டறியும் பொருட்டு, பயனரின் கருவியிலேயே படங்களை ஒப்பிட்டு நோக்கும் முறையொன்றை அப்பிள் திட்டமிட்டிருந்தது. நிறுவனம் அறிவிப்பதற்கு முதல் நாளே குறியாக்கவியல் அறிஞர் ஒருவர் தாம் கேள்விப்பட்டதைப் பொதுவில் உரைத்து எச்சரித்தார். நோக்கம் நன்றாயினும், ஒவ்வொருவர் கருவியையும் சோதனைக்கு உட்படுத்தும் அம்முறையை நாளை வேறு ஆட்சியாளர் வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்தக்கூடும் என்று பலர் வாதிட்டனர். அடுத்த மாதமே அத்திட்டம் பிற்போடப்பட்டு, 2022 டிசெம்பரிற் கைவிடப்பட்டது. வந்த பின்னர் பேசியிருந்தால் அதனை மாற்றுதல் கடினமாயிருக்கும். கடற்போர் நிகழுமுன்னரே அதைப் பற்றி ஆலோசிக்க மனிதருக்கு இடமுண்டு என்பதே அரிஸ்டோட்டிலின் வாதத்தின் உயிர். தம் வாழ்வைத் தொடும் தீர்மானம் ஒன்று மூடிய அறைக்குள் நிகழும்போது, அதனை முன்கூட்டி அறிவிக்கும் சொல் மக்களையும் அவ்வாலோசனையிற் பங்குகொள்ளச் செய்கின்றது.

வதந்தி பாதி மெய்யை எடுத்து வருதலும் உண்டு. நிறுவனங்கள் பழைய தொலைபேசிகளை வேண்டுமென்றே மந்தமாக்குகின்றன என்னும் பேச்சு நெடுங்காலமாக உலவிற்று. மின்கலம் பழுதுபட்ட ஐபோன்களின் வேகத்தை 2017 தொடக்கத்தில் வந்த இற்றைப்படுத்தல் குறைத்தது என்பதை அவ்வாண்டு டிசெம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென நின்றுபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்யப்பட்டது, புதியதை வாங்கத் தூண்டுவதற்காக அன்று என நிறுவனம் விளக்கி, தெளிவாகச் சொல்லாமைக்கு மன்னிப்பும் கோரிற்று. 2020 இல், குற்றத்தை ஏற்காமலே, வழக்குத் தொடர்ந்தோருக்கு 50 கோடி டொலர் வரை கொடுக்க உடன்பட்டது. இங்கு மறைக்கப்பட்டது முடியாத வேலையன்று. மக்கள் கையிலுள்ள கருவியில் ஏற்கெனவே செயற்பட்டுக்கொண்டிருந்த ஒன்று. சிற்பியின் திரைக்குரிய நியாயம் இதற்குப் பொருந்தாது. ஒருவனுடைய பொருளின் மீது செயற்படும் ஒன்றை அவனிடமிருந்து மறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அங்கு ஊர் வாயில் எழும் ஐயம், தகவல் மறுக்கப்பட்டோரின் கையிலுள்ள ஒரே கருவியாகவும் இருக்கலாம்.

இனி, கேட்பவன் பொறுப்பினைப் பற்றிய தடை ஒன்று எழும். எவர் எதனைச் சொன்னாலும் ஆராய்ந்து கொள்வதன்றோ அறிவு? வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் இதனை வற்புறுத்தினாரல்லரோ? நம்பிக் கெட்டவன் தன்னையே நோகட்டும் என்பர் சிலர். ஆராய்தற்கு வழியுள்ள இடத்திலே இவ்வறிவுரை பொருந்தும். 2015 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் ஊழியர் ஒருவர், விண்டோஸ் 10 தான் விண்டோஸின் இறுதிப் பதிப்பு என்று கூட்டமொன்றிற் கூறினார். அச்சொல் உலகெங்கும் பரவிற்று. நிறுவனம் அதனை அடித்து மறுக்கவில்லை. 2021 யூனில் விண்டோஸ் 11 இன் முடியாத பதிப்பு கசிந்தது; சில நாள்களில் அறிவிப்பும், ஒக்டோபர் 5 ஆம் நாள் வெளியீடும் நிகழ்ந்தன. நல்ல நிலையில் இயங்கிய பழைய கணினிகள் பல அதன் தகுதி விதிகளுக்கு அமையவில்லை. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 ஆம் நாள் முடிவுற்றது. இனிப் புதிய பதிப்பு வராது என்று நம்பி 2015 இற்குப் பின் கணினி வாங்கியவன், எந்நூலைப் புரட்டி அச்சொல்லை ஆராய்ந்திருக்க முடியும்? அதன் மெய்ம்மை அவன் புகமுடியாத அறையொன்றில், இன்னும் தீர்மானிக்கப்படாமலே கிடந்தது.

அன்றியும், காத்திருத்தலின் விலை எல்லோருக்கும் ஒன்றன்று. செல்வன் வதந்தியைக் கேட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவனுக்குப் பெரிய நட்டமில்லை. பிழைத்தால் இன்னொன்றை வாங்குவான். கடன்பட்டு ஒரு கணினி வாங்கும் மாணவனுக்கும், ஒரே கணினியைக் கொண்டு பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியனுக்கும், ஒரு பிழையான தீர்மானத்தைத் திருத்த ஆண்டுகள் செல்லும். சொன்னவன் எதனையும் இழப்பதில்லை. வதந்தி பலித்தால் முன்னமே சொன்னேன் என்பான். பலியாவிட்டால் திட்டம் மாறிவிட்டது என்பான். நிறுவனமும் அவ்வாறே கூறும். இலாபம் சொல்பவனையும் நட்டம் கேட்பவனையும் சேரும் இவ்வமைப்பே வெளிவராப் பொருளைப் பற்றிய பேச்சின் அடிப்படை அநீதி எனலாம்.

ஆகவே, இத்தகைய சொல்லை அளப்பதற்கு மெய், பொய் என்னும் கோல் போதாது. தீமை பயவாத சொல்லே வாய்மை என்னும் கருத்துப்பட வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தமை இங்கு புதுப்பொருள் பெறுகின்றது. பொருள் இன்னும் பிறவாதபோது, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தைச் சோதிக்க இயலாது. சொல்லுக்கும் கேட்பவனுக்கும் உள்ள உறவினையே சோதிக்க இயலும். இச்சொல்லை நம்பி ஒருவன் காத்திருந்தால், அக்காத்திருப்பின் இழப்பில் சொல்பவன் எதையேனும் ஏற்க ஆயத்தமா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், வராத ஒன்றைக் காட்டி இருக்கும் ஒன்றை விற்காது. விற்றுவிட்டதாயின், வாங்கியவன் அதனைத் திருப்பித் தர வழி வைக்கும். இக்கேள்வியை ஏற்றுக்கொள்ளும் வெளியீட்டாளர், கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் வேறுபிரித்துக் காட்டுவார். பிழைத்தபோது முதற் செய்தி சென்ற தூரம் திருத்தத்தையும் கொண்டுசெல்வார். ஒருவரது பிழைப்பைக் கெடுத்துப் பெறப்பட்ட செய்தியெனின், பொதுநலம் கோரினாலன்றி அதனைத் தொடார். கேட்பவனுக்கும் ஒரு கடமை எஞ்சும். தான் நம்பியதைத் தன்னளவில் நம்புவது வேறு. அதனை உறுதியெனத் தன்னிலும் வறியவனுக்கு எடுத்துரைப்பது வேறு. மரத்திற் பேய் உண்டு என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், அம்மரத்தைச் சுற்றிச் செல்ல அஞ்சி நெடுவழி நடப்போரின் களைப்புக்கும் பொறுப்பாளியாவான்.